கம்ப்யூட்டரோடு செஸ் போட்டி நடத்துகிறீர்களா?

பாளையங்கோட்டைப் பள்ளியோ தென்காசி நூலகமோ, எங்கே நடத்தினாலும் பழைய லேப்டாப்பும், ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச செஸ் இன்ஜினும், அதைப் பலகையாகத் திரையில் காட்டும் ஒரு மென்பொருளும் போதும். முழு பலத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள், உலக சாம்பியனே தாங்க மாட்டார். அதில் ஆட்டத்தின் பலத்தைக் குறிக்கும் 'ஸ்கில் லெவல்' 0 முதல் 20 வரை உண்டு. 0 கூட புதிதாகக் கற்ற பிள்ளையை மண்ணைக் கவ்வ வைத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு கம்ப்யூட்டர் பக்க ராணியை எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள், ஆட்டம் ருசிக்கும்.

எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் 'பாண்டர்' வசதியை அணைத்து வையுங்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு நகர்வுக்கு 5 வினாடி என்று நிலையாகக் கொடுங்கள். திரைக் கடிகாரமும் மேசைக் கடிகாரமும் முட்டிக்கொள்ளாது. மேசையில் ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 வினாடி கூடுதல். கம்ப்யூட்டருக்காகப் பலகையில் காயை நகர்த்தித் தர ஓர் ஆள் வேண்டுமே, அவர் கைக்கு அந்தக் கூடுதல் நேரம்.

சண்டை வருவதே அந்த ஆளால்தான். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம்மாறும் காஸ்லிங்கில் யானையை முதலில் இழுத்தால், பல மென்பொருள்கள் அதை வெறும் யானை நகர்வாக எடுத்துக்கொள்ளும்; ராஜாவைத்தான் இரண்டு கட்டம் நகர்த்த வேண்டும். சிப்பாய் கடைசிக் கட்டம் போனதும் தானாக ராணியாகும் அமைப்பையும் நிறுத்துங்கள், சிலர் குதிரை கேட்பார்கள். நகர்வுகளைத் தாளில் எழுத இன்னொருவரை உட்கார வையுங்கள். பத்து நகர்வுக்கு ஒருதடவை பலகையையும் திரையையும் ஒப்பிட்டால் தப்பு பெரிதாகாது.

தேதி குறிக்குமுன் உங்கள் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பாருங்கள். லேப்டாப் பேட்டரி செத்துப்போயிருந்தால் யுபிஎஸ் கட்டாயம்.