பேக்கப் இருக்கென்று நம்பி இருப்பவர்களுக்கு

மாரி தொடங்கினால் போதும், மட்டக்களப்பில் கணினி திருத்தும் எங்களைப் போன்றவர்களிடம் செத்த ஹார்ட் டிஸ்க்குகள் வரத் தொடங்கிவிடும். இடி, வந்துவந்து போகும் கரண்ட், வெள்ளம் எல்லாம் சேர்ந்த பருவம். பேக்கப்பே எடுக்காதவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். எனக்கு வயிறெரிவது, எடுத்தும் பறிகொடுத்தவர்களைப் பார்க்கும்போதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும், முன்னர் நாங்கள் விழுந்த அதே பள்ளங்களைத் தேடித்தேடி விழுகிறார்கள்.

மிரர் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

கல்லடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், குடும்பப் படங்கள் என்று கணினியில் நிறைய இருந்தது. மருமகன் முறையான ஒரு பையன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிப் பூட்டி, ஒவ்வொரு இரவும் தானாகவே பிரதி எடுக்கும்படி மென்பொருளையும் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை, நல்ல எண்ணம். ஆனால் தேர்ந்தெடுத்தது 'மிரர்'.

கொஞ்சநாளில் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. வெளி டிஸ்க்கில்தான் எல்லாம் இருக்கிறதே என்று டீச்சர் பழைய ஃபோல்டர்களை அழித்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அன்றிரவு மென்பொருள் தன் கடமையைச் செய்தது. கணினியில் இல்லாத ஃபோல்டர் வெளி டிஸ்க்கில் மட்டும் எதற்கு என்று அங்கேயும் அழித்துவிட்டது. அதற்குப் பெயர்தான் மிரர்: இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படி.

அவருக்கு விஷயம் தெரியவந்தது சில வாரங்கள் கழித்து, பழைய வினாத்தாள் ஒன்றைத் தேடியபோதுதான். "மகன், ரெண்டு இடத்திலயும் இருந்ததே" என்றார். "ரெண்டு இடத்திலயும் ஒண்டாப் போயிட்டு, டீச்சர்" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. கணினியில் இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகை டிஸ்க். அழித்த கோப்புகளின் இடத்தை அது தானாகவே துடைத்துவிடும், அதனால் அங்கே தோண்டியும் பலனில்லை. வெளி டிஸ்க் சுழலும் பழைய வகை என்பதால் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் இரவுக்கிரவு அதன் மேலேயே எழுதப்பட்டிருந்ததால் கிடைத்ததில் பல கோப்புகள் திறக்கவில்லை. திறந்தவையும் பெயர் இல்லாமல் வெறும் இலக்கங்களோடு வந்தன.

எரிச்சல் என்னவென்றால், இதைத் தவிர்க்க ஒரு சதமும் செலவில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீஃபைல்சிங் என்ற பிரதி எடுக்கும் மென்பொருளில் 'மிரர்' இருக்கும் அதே இடத்தில் 'அப்டேட்' என்றும் ஒன்று இருக்கிறது. அது புதியதையும் மாறியதையும் மட்டும் கொண்டுபோகும், கணினியில் அழித்ததை அங்கே அழிக்காது. அதோடு 'வெர்ஷனிங்' என்பதையும் தெரிவுசெய்தால், நீங்கள் தவறுதலாக மேலெழுதிய கோப்பின் பழைய வடிவமும் தனி ஃபோல்டரில் கிடக்கும். கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் விண்டோஸின் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளையில் 'எம்ஐஆர்' (மிரர்) போடுவதும் இதே ஆபத்துத்தான். கணினியில் ஃபோல்டர் வெறுமையாக இருக்கிற அன்று அது ஓடினால் அந்தப் பக்கமும் வெறுமைதான்.

விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி என்ற பேக்கப் வசதி பழைய வடிவங்களை வைத்திருக்கும், நல்லது. ஆனால் அது டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத்தான் பார்க்கும். நம்மூரில் ஃபோர்மட் பண்ணும்போது போய்விடும் என்று பயந்து எல்லாவற்றையும் டி டிரைவில் வைப்பார்கள். அந்த ஃபோல்டரை விண்டோஸின் 'லைப்ரரி' பட்டியலில் சேர்க்காவிட்டால் ஃபைல் ஹிஸ்டரி அதைத் தொடாது.

கூகுள் டிரைவும் இதே கதைதான். கணினியோடு ஒத்திசைத்த ஃபோல்டரில் அழித்தால் மேலேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் இல்லை. இலவசமாகத் தரும் 15 ஜீபியும் ஜிமெயில், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

சி-யிலிருந்து டி-க்கு நகல் எடுப்பது

பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி என்ற இரண்டு டிரைவும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருப்பது

கணினிக்கு விழும் இடி அதற்கும் விழும். கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும். 2017 மே மாதம் வானாக்ரை உலகம் முழுக்கச் செய்தது அதைத்தான். எடுத்து முடிந்ததும் கழற்றுங்கள்.

மலிவைப் பார்த்து மயங்குவது

2 டீபி என்று அச்சடித்து, கையில் இருக்கும் சில்லறைக்கு விற்கும் பென் டிரைவ்களை நம்பவேண்டாம். உள்ளே இருப்பது அதில் சிறு பங்குதான். இடம் நிரம்பியபிறகும் எழுதிக்கொண்டே போவதுபோலக் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

உண்மையான மலிவு வழி வேறு. பழுதான லேப்டாப் ஒன்று வீட்டு அலுமாரியில் கிடக்கிறதா? பெரும்பாலும் அதன் போர்டுதான் போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கும். கழற்றி ஒரு யூஎஸ்பி கேஸிங்கில் போட்டால் வெளி டிஸ்க் தயார். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரமே போதும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குலத்துக்குத் தனி அடப்டர் வேண்டும், அதை மறந்து வெறும் கேஸிங்கை வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. போட்டவுடன், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் அந்த டிஸ்க்கில் படம் பாருங்கள், பேக்கப் வைக்காதீர்கள். வேகத்தையும் எதிர்பார்க்க வேண்டாம்: பழைய யூஎஸ்பி 2.0 துளையில் 500 ஜீபி போக நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை மட்டும்தான் அப்படி.

இரண்டு பிரதியையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பது

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று உலகம் முழுக்கச் சொல்லும் விதியின் கடைசிப் பங்கை இங்கே யாரும் மதிப்பதில்லை. மதிக்கவேண்டிய ஊர் இருந்தால் அது இதுதான். 2004 டிசம்பர் 26-இல் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் வந்தது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வரவில்லை. 2011 ஜனவரியில் மழைவெள்ளம் வந்தபோது படுவான்கரைக் கிராமங்கள் தண்ணீரில் நின்றன. கடல் பக்கமான எழுவான்கரைக்கு ஒரு ஆபத்து, படுவான்கரைக்கு இன்னொன்று. இடையில் வாவி.

ஆகவே இரண்டாவது டிஸ்க்கை வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் வையுங்கள். கல்லடிக்காரருக்குக் கொக்கட்டிச்சோலையில் ஒரு சித்தியோ மச்சானோ இல்லாமல் போவதில்லை. திருவிழாவுக்கோ விசேஷத்துக்கோ போகும்போது புதிதாக எடுத்ததைக் கொடுத்துவிட்டு, பழையதை வாங்கிக்கொண்டு வரலாம். சொந்தமே என்றாலும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கொடுங்கள், அந்தச் சொல்லை ஒரு கடதாசியில் எழுதி உங்கள் வீட்டில் வையுங்கள். கடற்கரைப் பக்கம் வைப்பதானால் காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போடுங்கள். யூஎஸ்பி முனையில் பச்சை பிடித்து வந்த டிஸ்க்குகளை நான் சுரண்டியிருக்கிறேன்.

ஃபேட்32-இல் கல்யாண வீடியோ

ஃபேட்32 என்பது டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணும் பழைய முறை. 4 ஜீபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் பண்ணிய டிஸ்க் வேண்டும்.

எடுத்ததைத் திறந்தே பார்க்காதது

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். சொந்தக் கணினியில் திறந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அதனால் பயனில்லை. வேறு கணினியில் திறக்கும்போதுதான் தெரியும், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருவது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கணினியில் பாமினி இல்லை, அவ்வளவுதான். பழைய ஆவணங்கள் உள்ளவர்கள் விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இருந்து பாமினிக் கோப்பையும் எடுத்து அதே டிஸ்க்கில் போட்டு வையுங்கள். சின்னக் கோப்புதான்.