கடல்நீர்த் தொட்டியில் பாசியா? மருந்து வாங்கும் முன் அது எது என்று பாருங்கள்

தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்றதும் நம்மில் பலர் நேராகக் கடைக்குப் போய் ஏதாவது ஒரு பாட்டிலை வாங்கி ஊற்றிவிடுகிறோம். கையில் எடுத்து, தேய்த்து, முகர்ந்து பார்க்க ஐந்து நிமிடம் செலவழிப்பதில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடல்நீர்த் தொட்டியில் படர்வதெல்லாம் ஒரே வகை இல்லை. மணல்மேல் பழுப்புத் தூளாகப் படிவது ஒன்று, சிவப்புச் சவ்வாக மூடுவது இன்னொன்று, சளி மாதிரித் தொங்குவது வேறொன்று, பாறையில் பச்சை முடியாக வளர்வது மற்றொன்று. ஒன்றுக்கு வைத்தியம் இன்னொன்றுக்குச் சாப்பாடு. பச்சை முடியை ஒழிக்கிறேன் என்று பாசிக்கு உரமான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்கி, கடைசியில் டைனோ என்ற அந்தச் சளியிடம் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான்.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நீல விளக்கில் எதுவும் சரியாகத் தெரியாது, பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோல இருக்கும், அதனால் வெள்ளை விளக்கை முழுதாகப் போடுங்கள், இல்லையென்றால் கைப்பேசி டார்ச் போதும். மூன்று நேரத்தில் பாருங்கள்: காலையில் விளக்கு எரிவதற்கு முன், பிற்பகலில், இரவு விளக்கு அணைந்து ஓரிரு மணி நேரம் கழித்து. மூன்று தடவையும் ஒரே இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள்.

விரல் பட்டதும் பழுப்புத் தூளாகப் பறந்தால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் வரும், சிலிகேட்டைத் தின்று வளரும், தீர்ந்ததும் தானாகப் போய்விடும். இதற்கு எதுவும் வாங்க வேண்டாம். கண்ணாடியைத் துடையுங்கள், நத்தை இரண்டு விடுங்கள், பொறுமையாக இருங்கள். ஒரு வருடம் ஓடிய தொட்டியில் திடீரென்று வந்தால் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்புச் சவ்வு, மேலே சின்னச் சின்னக் குமிழ், ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தாள் மாதிரி உரிந்து வருகிறது, முகர்ந்தால் ஒரு நாற்றம் என்றால் அது சயனோ. இது பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலையிலும், உணவும் கழிவும் தேங்கும் மணலிலும்தான் முதலில் பிடிக்கும். சின்னக் குழாயால் உறிஞ்சி எடுங்கள், அலை பம்ப்பின் திசையைத் திருப்பி அந்த மூலைக்கு ஓட்டம் கொடுங்கள், இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் மூன்று நாள் விளக்கை முழுதாக அணைத்து வைக்கலாம், பவளங்கள் தாங்கும். சயனோ மருந்து போட்டே ஆகவேண்டும் என்றால் காற்றுக்கல்லைப் போட்டுவிட்டு ஊற்றுங்கள், ஏனென்றால் மருந்து வேலை செய்யும்போது ஆக்ஸிஜன் இறங்கும், நம் சிங்கப்பூர் வெப்பத்தில் தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. நுரையாகக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் சில நாள் நுரைத்துத் தள்ளும், கிண்ணத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பழுப்பு நிறச் சளி, நூல் நூலாக மேல்நோக்கி நிற்கிறது, நுனியில் குமிழ், இரவில் பாதி காணாமல்போய் மறுநாள் மதியம் திரும்ப வந்துவிடுகிறது, நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் உயிர், சுருக்கமாக டைனோ. இருப்பதிலேயே எரிச்சலூட்டுவது இதுதான், டயாட்டம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் அதிகம். சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னப் புட்டியில் எடுத்து, மூடி, நன்றாகக் குலுக்குங்கள், சளி உடைந்து தண்ணீர் கலங்கும். அதைக் கோப்பி வடிகட்டும் காகிதத்தில் வடித்து, தெளிந்த தண்ணீரை விளக்குக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். டைனோவாக இருந்தால் அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே மறுபடி நூல் கட்டும், மற்றவை அப்படிச் சேராது. இணையத்தில் கிடைக்கும் மலிவான நுண்ணோக்கி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நூலில் கட்டிய மாதிரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஆடினால் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை, மணலோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால் ஆம்ஃபிடினியம் என்ற வகை. ஆஸ்ட்ரியாப்சிஸ் விஷமுள்ளது. இத்தாலியில் ஜெனோவா கடற்கரையில் 2005 கோடையில் இது பெருகி, கடல்காற்றைச் சுவாசித்தவர்களுக்கே காய்ச்சலும் இருமலும் வந்தன. ஆகவே கையுறை போடாமல் துழாவ வேண்டாம்.

டைனோவுக்கு வைத்தியம் தலைகீழ். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், பாஸ்பேட் உறிஞ்சும் துகள்களை வெளியே எடுங்கள், மீனுக்குத் தாராளமாகப் போடுங்கள், தேவைப்பட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஊற்றியே ஏற்றுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை இருந்தால் மற்ற நுண்ணுயிர்கள் பெருகி டைனோவின் இடத்தைப் பிடிக்கும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதக்கும் பழக்கம் உள்ளது, அதனால் தண்ணீரைத் தொட்டியிலிருந்தே இழுத்துத் தொட்டிக்குள்ளேயே விடும்படி ஒரு யூவி (புற ஊதா) விளக்கு வைத்தால் நல்ல பலன். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு வராது, அதற்கு யூவி வாங்குவது காசுக்குக் கேடு; சிலிகேட் ஊற்றி டயாட்டத்தை வளர்த்து அதனோடு போட்டிபோட வைப்பார்கள். பல வாரம் ஆகும். அந்தக் காலத்தில் பச்சைப் பாசி கொஞ்சம் முளைத்தால் சந்தோஷப்படுங்கள்.

இனிப் பச்சை. கண்ணாடியில் படியும் மெல்லிய பச்சை எல்லாத் தொட்டியிலும் வரும், காந்தத் துடைப்பான் போதும். பாறையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கெட்டியாகப் படிவது கோரலைன், அது வேண்டியது, அதைப் போய்ச் சுரண்டாதீர்கள். பளபளக்கும் பச்சை மணிகளாக ஒட்டிக்கொண்டிருப்பது குமிழ்ப் பாசி, வலோனியா. உடைக்காமல் அடியோடு பெயர்த்து, பக்கத்தில் குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே எடுங்கள். எமரால்டு நண்டு தின்னும் என்பார்கள், சில நண்டு தின்னும், சில நண்டு பவளத்தைப் பிய்க்கும், நண்டைப் பொறுத்தது.

முடிப் பாசிதான் நீண்ட கதை. ஒரு கொத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விரித்துப் பாருங்கள். மெல்லிய நூல்களாக, ஒழுங்கில்லாமல், லேசாக இழுத்தாலே அறுந்து வந்தால் சாதாரண முடிப் பாசி. நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் சீராகக் கிளை, பறவை இறகு மாதிரி இருந்தால் பிரையாப்சிஸ். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் சாதாரண முடியை உணவைக் குறைத்தும் பிடுங்கியும் நத்தை விட்டும் ஒழிக்கலாம், பிரையாப்சிஸ் இதற்கெல்லாம் அசையாது, பெரும்பாலான நத்தைகள் அதைத் தொடுவதும் இல்லை. அதற்கு ஃப்ளூகனசோல் அடங்கிய மீன்தொட்டி மருந்து இருக்கிறது, லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு, வடிகட்டியில் உள்ள கார்பனை எடுத்துவிட்டுப் போட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மருந்து வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்.

சாதாரண முடியைப் பிடுங்குவதற்கு ஒரு வழி. மென்மையான பல்துலக்கி ஒன்றை உறிஞ்சு குழாயின் நுனியில் பிளாஸ்டிக் பட்டியால் கட்டிவிடுங்கள், துலக்கியின் மயிரும் குழாயின் வாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க உதிர்வது அப்படியே குழாய்க்குள் போய்விடும், தொட்டியெங்கும் பறந்து வேறு பாறையில் வேர்விடாது. குழாயின் மறுமுனையைச் சம்ப்பில், அதாவது கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில், இருக்கும் வடிகட்டிப் பைக்குள் விட்டால் தண்ணீர் வீணாகாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேய்க்கலாம். முடித்ததும் பையைக் கழற்றித் துவைத்துவிடுங்கள், அதைச் செய்யாவிட்டால் பிடுங்கியதெல்லாம் அழுகி மறுபடி உரமாகும். வெளியே எடுக்க முடிகிற கல் என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசிமேல் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வைக்கலாம். பவளத்தின் மேல் படக்கூடாது. பாசி சாகட்டும் என்று கல்லை அடுப்பில் கொதிக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். கல்லில் பவளத்தின் உறவான சோவாந்திட் இருந்தால் அதன் பாலிடாக்சின் என்ற விஷம் ஆவியோடு காற்றில் கலந்து வீட்டிலுள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். இது வெளிநாடுகளில் நடந்திருக்கிறது.

இவ்வளவும் செய்து, சாப்பாடு வரும் வழியை அடைக்காவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். சிங்கப்பூரில் பலர் கவனிக்காத வழி, ஆவியான குறையை நிரப்ப ஊற்றும் மேல்தண்ணீர். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலைக்கும் மின்கட்டணத்துக்கும் பயந்து விசிறி வைத்து ஓட்டுகிறோம், தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், சரி, ஆனால் தினமும் நிறைய ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், ஊற்றும் தண்ணீரில் இருந்த சிலிகேட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தக் குறையைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் தினமும் ஒரு துளி உரம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அதனால் ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டுவது), டிஐ (கரைந்த உப்புகளை ரெசினால் உறிஞ்சுவது) இரண்டும் உள்ள கருவித் தண்ணீர்தான். இன்னொன்று, நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், வெறும் குளோரின் இல்லை. வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் போகாது. கார்பன் வடிகட்டி குளோரமினுக்கானதாக இருக்கட்டும், தண்ணீரை மெதுவாக விடுங்கள். கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பியும் இருக்க வேண்டாம். டிஐ ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிகேட், அது மீட்டரில் சரியாகத் தெரியாது. பழைய தொட்டியில் திடீரென்று டயாட்டம் வந்தால் ரெசினை மாற்றுங்கள் என்பது இதனால்தான்.

கடையில் கேனில் விற்கும் கடல்நீர் வாங்குகிறவர்கள் தொட்டியில் ஊற்றும் முன் அதையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

வெயிலையும் பாருங்கள். வீவக வீட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் பிற்பகல் மூன்று மணியிலிருந்து கிட்டத்தட்ட ஏழு வரை சாய்வெயில் தொட்டியில் விழும், நமக்கு வருடம் முழுக்க அப்படித்தான், குளிர்காலம் என்று ஓய்வு கிடையாது. திரையைப் போடுங்கள், அல்லது அந்தப் பக்கக் கண்ணாடியில் கறுப்பு அட்டை ஒட்டுங்கள். விளக்கை எட்டு மணி நேரத்துக்குக் குறைத்து, வெள்ளையையும் சிவப்பையும் தாழ்த்தி வையுங்கள்.

சோதனையில் நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருந்தால் எனக்குத் திருப்தி. தொட்டி முழுக்க முடி வளர்ந்திருக்கும்போது பாஸ்பேட் பூஜ்யம் காட்டினால் ஏமாறாதீர்கள், பாசி உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும், அதனால் எண் குறைய வாரக்கணக்கில் ஆகும். வேகமாக இறக்கினால் பவளம் வெளுத்துவிடும். மீனுணவான உறைந்த மைசிஸ் இறாலை அலசிப் போடுவதால் கிடைக்கும் பலன் சொற்பம். பாஸ்பேட் உணவுக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே அளவைக் குறைப்பதுதான் வழி. பாட்டி பேரன் பேத்தி ஆளுக்கொரு சிட்டிகை போடும் வீடுகளில் முதலில் உணவு டப்பாவை ஒளித்து வையுங்கள். வடிகட்டிப் பையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சம்ப்பில் இடம் இருந்தால் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, இரவில் அதற்கு விளக்குப் போட்டு, மாதாமாதம் வெட்டி எடுத்தால் உரமும் சேர்ந்து வெளியே போகும்.

தின்கிற ஆட்களில் எனக்குப் பிடித்தது டிரோக்கஸ் நத்தை, கவிழ்ந்தால் தானே நிமிரும். அஸ்ட்ரியா நிமிராது, மல்லாந்தே செத்துப்போகும். பெரிய மெக்சிகோ டர்போ குளிர்ந்த நீர்க்காரன், சில்லர் இல்லாத தொட்டியில் நாள் தாங்காது. நாசாரியஸ் மணலைக் கிளறும், பாசியைத் தின்னாது. ஃபாக்ஸ்ஃபேஸ் நம் ஓரா மீன் இனம், சீனப் புத்தாண்டுக்குச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே அந்த இனத்தின் உறவு, முடிப் பாசியை வெறியோடு மேயும், ஆனால் முதுகு முள்ளில் விஷம், நன்றாக வளரும், நாலடிக்குக் குறைந்த தொட்டியில் விடாதீர்கள். கடல் முயல் ஒரு வாரத்தில் தொட்டியை வழித்துவிடும், அப்புறம் பட்டினி கிடக்கும், பம்ப்பில் சிக்கினால் மையைக் கக்கும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிடுங்கிய பாசியைக் கழிவறையிலோ கால்வாயிலோ கொட்ட வேண்டாம், குறிப்பாகக் காலெர்ப்பா என்ற பச்சைக் கடற்பாசியை. மீன்தொட்டிகளில் வளர்த்த காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-ல் மொனாகோ அருகே கடலில் காணப்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியது, 2000-ல் கலிஃபோர்னியாவிலும் முளைத்தது, அங்கே அதை ஒழிக்க ஆறு வருடம் ஆயிற்று. நம் கால்வாய்கள் நீர்த்தேக்கத்துக்கும் கடலுக்கும்தான் போகின்றன. பையில் கட்டி ஓரிரவு உறைபெட்டியில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், வீட்டில் உள்ளவர்கள் மீன் துண்டு என்று எடுத்துவிடாமல் மேலே பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.