ஆபீஸ் போயிட்டே மாரத்தானுக்கு ரெடி ஆகுறவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

42.195 கிலோமீட்டர் ஓடணும்னு ஆசைப்பட்டு, வேலைக்கும் போயிட்டு பயிற்சி எடுக்குற நிறைய பேர் ஸ்டார்ட் லைனுக்கே வராம போயிடுறாங்க. பாதி வழியில அடிபட்டுக்கறாங்க, இல்லன்னா அசந்து போய் விட்டுடறாங்க. எனக்கும் மொத தடவை இதுதான் ஆச்சு.

விட்டுப்போன ஓட்டத்தையெல்லாம் சேர்த்து சனி ஞாயிறுல அடைக்கப் பாக்குறதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு. என் மொத மாரத்தானுக்கு ஒன்பது வாரம் இருந்தப்ப ஆபீஸ்ல ஒரு ப்ராஜெக்ட் முடியுற நேரம், செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் வேலை முடியவே ராத்திரி பதினொன்னு ஆயிடுச்சு. பிளான்ல அந்த வாரம் 46 கிமீ போட்டிருந்துச்சு, அந்தக் கணக்கு குறையக்கூடாதுன்னு சனிக்கிழமை 18, ஞாயித்துக்கிழமை 28னு ஓடிட்டேன். திங்கக்கிழமை காலைல படி இறங்கும்போது வலது முழங்காலுக்குக் கீழ எலும்புல சுருக்குன்னு ஒரு குத்தல். உக்காந்து கட்டைவிரலால மேலருந்து கீழ வரைக்கும் அழுத்திட்டே வந்தேன், எங்கயும் ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு இடத்துல மட்டும், விரல் நகம் அளவுதான் இருக்கும், அங்க தொட்டா உயிர் போச்சு. ஷின் ஸ்ப்ளின்ட்னா, அதாவது ஓடுறவங்களுக்கு அடிக்கடி வர்ற கீழ்க்கால் வலின்னா, பொதுவா எலும்போட உள்பக்க ஓரத்துல நீளமா பரவி வலிக்கும். இப்படி ஒரே புள்ளில வலிச்சா எலும்புல விரிசல் விழ ஆரம்பிச்சிருக்கலாம், அன்னிக்கே ஓட்டத்த நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டிடணும். எனக்கு எட்டு வாரம் ஓடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மூணு நாள் ஓட்டத்த காப்பாத்தப் போய் மாரத்தானே போச்சு.

இதுக்குக் காரணம் என்னன்னா இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே தேறிடும், ஆனா எலும்பும் தசைநாணும் தேற மாசக்கணக்குல ஆகும். அதனால மூச்சு வாங்கலையே இன்னும் கொஞ்சம் ஓடலாமேன்னு மனசு சொல்லும், கால் அதுக்குத் தயாரா இருக்காது. விட்டது விட்டதுதான், அடுத்த நாள் பிளான்ல என்ன இருக்கோ அதை ஓடுங்க. ரெண்டு மூணு நாள் ஓடலைன்னா ஃபிட்னஸ் எங்கயும் ஓடிப்போயிடாது, ஒரு வாரம் முழுசா போனாலும் தாங்கிக்கும். ரொம்ப நெருக்கடியான வாரத்துல லாங் ரன் (வாரத்துலயே நீளமான ஓட்டம்) ஒண்ணு, நடுவுல ஒரு ஓட்டம், இந்த ரெண்டு மட்டும் நடந்தாலே போதும்.

அடுத்தது தூக்கத்துல கை வைக்கிறது. காலைல ஓடணும்னு அலாரத்த அஞ்சு மணியிலருந்து நாலரைக்கு மாத்திடறோம், ஆனா படுக்குற நேரம் அதே பன்னண்டு மணிதான். ஓடும்போது தசை கொஞ்சம் கொஞ்சமா சேதமாகுது, அத சரிபண்ணி பழையபடிய விட பலமாக்குற வேலை ஒழுங்கா நடக்கணும்னா நல்ல தூக்கம் வேணும். சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும். ராத்திரி மீட்டிங் லேட்டாகி அஞ்சு மணி நேரம் கூட தூங்கலைன்னா காலைல அலாரத்த அணைச்சிட்டு தூங்குங்க, அதுவும் பயிற்சிதான். எழுந்ததும் நாடித்துடிப்பு பாக்குற பழக்கம் இருந்தா நல்லது, தினமும் 56 காட்டுறது திடீர்னு 64, 65னு காட்டுச்சுன்னா உடம்பு இன்னும் தேறாம இருக்கலாம், வேகமான ஓட்டத்த அன்னிக்கு தள்ளி வைங்க.

ஆபீஸ் டென்ஷன கணக்குலயே எடுக்காம விடுறதும் இதோட சேர்ந்ததுதான். நாள் பூரா நாற்காலியிலதான உக்காந்திருந்தோம், உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு நெனைப்போம், ஆனா டெட்லைன் டென்ஷனும் 30 கிமீ ஓட்டமும் ஒரே கிணத்துலருந்துதான் தண்ணி இறைக்குது. அதனால ரேஸுக்கு பேர் குடுக்குறதுக்கு முன்னாடி ஆபீஸ் காலண்டர எடுத்துப் பாருங்க. சாதாரணமா 16லருந்து 20 வாரம் பயிற்சி, அதுல ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடி முடியுற நாலஞ்சு வாரம்தான் உச்சம். அந்த வாரங்கள் உங்க ஆடிட் நேரத்துலயோ வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்துலயோ வந்து விழுந்துச்சுன்னா வேற ரேஸ் பாக்குறதுதான் புத்திசாலித்தனம்.

நேரம் கம்மியா இருக்கறவங்க கிட்ட இன்னொன்னும் பாக்குறேன், இருக்கறது 45 நிமிஷம்தான், அத வேஸ்ட் பண்ணக்கூடாதுன்னு தினமும் மூச்சிரைக்க ஓடுறது. வாரத்துல ஓடுற நேரத்துல 80 சதவீதம் போல மெதுவாதான் இருக்கணும், பக்கத்துல ஓடுறவங்ககிட்ட முழு வாக்கியமா பேசிட்டே ஓட முடியுற வேகம். தினமும் நடுத்தர வேகத்துல அடிச்சா மெதுவா ஓடுறதோட பலனும் கிடைக்காது, வேகமா ஓட வேண்டிய நாள்ல காலும் வராது.

யூகி கவாவுச்சிய எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல, ஜப்பான்ல சைத்தாமாவுல ஒரு அரசு ஸ்கூல் அலுவலகத்துல முழு நேர வேலை பாத்துட்டே 2018ல பாஸ்டன் மாரத்தான கொட்டுற மழைலயும் குளிர்லயும் ஜெயிச்சவர். அப்பல்லாம் அவர் பயிற்சி பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஓடுற முழு நேர வீரர்களோட பிளான டவுன்லோட் பண்ணி அப்படியே ஃபாலோ பண்றவங்க இவர நெனைச்சுப் பாக்கணும். நமக்கு வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் தாராளமா போதும்.

லாங் ரன்ன பொறுத்தவரைக்கும் தூரத்த விட நேரத்தப் பாருங்க, மெதுவா ஓடுறவங்க 32 கிமீ முடிக்கணும்னு நாலரை மணி நேரம் ஓடினா அந்த அசதி புதன்கிழமை வரைக்கும் போகாது, மூணு மூணரை மணி நேரத்தோட நிறுத்திக்கலாம். ஜெல் (ஓடும்போது சக்திக்காக சாப்பிடுற இனிப்புக் கூழ்), தண்ணி எல்லாம் அந்த லாங் ரன்லயே பழகிக்கோங்க. ஓடி முடிச்சிட்டு வந்து மத்தியானம் பூரா தூங்கினா வீட்ல இருக்கறவங்களுக்கு லீவு நாளே இல்லாம போயிடும், அத முன்கூட்டியே உக்காந்து பேசிடணும்.

கடைசி ரெண்டு மூணு வாரம் டேப்பர், ஓட்டத்த பாதியா குறைக்கிற நேரம். நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா அதான் இப்ப ஃப்ரீயா இருக்கோமேன்னு தேங்கிக் கிடந்த ஆபீஸ் வேலையெல்லாம் இழுத்துப் போட்டு ராத்திரி பூரா உக்காந்துடறாங்க. டேப்பர்ல மிச்சமாகுற நேரம் தூங்குறதுக்கு. ரேஸுக்கு மொத நாளும் அடுத்த நாளும் லீவு வேணும்னு பேர் குடுக்குற அன்னிக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க, அடுத்த நாள் படி இறங்கவே கைப்பிடிய புடிச்சுக்க வேண்டியிருக்கும்.