133342 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கன்டெய்னருக்கான (நிரலைத் தனியே அடைத்து இயக்கும் பொதி) அமைப்புகளை எழுதிய யாமல் (YAML) கோப்பை பைத்தான் கட்டளை ஒன்றால் ஜேசன் (JSON) என்ற இன்னொரு வடிவத்துக்கு மாற்றினேன். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் கன்டெய்னர் எழவில்லை, போர்ட் எண் தவறு என்றது. உள்தள்ளலைச் சரிபார்த்தேன், நிரலை மறுபடி நிறுவினேன், ஃபயர்வாலையும் அலசினேன். மூன்று நாள் போனது.

கடைசியில் இரண்டு கோப்புகளையும் வரிவரியாக ஒப்பிட்டேன். ஜேசன் கோப்பின் போர்ட் வரிகளில் 8080:80 மேற்கோள்குறிக்குள் அப்படியே இருந்தது. 2222:22 மட்டும் 133342 ஆகியிருந்தது, மேற்கோள்குறியும் இல்லை. 2222-ஐ 60-ஆல் பெருக்கி 22-ஐக் கூட்டிப் பாருங்கள், அதே எண்.

யாமல் 1.1 விதிப்படி மேற்கோள்குறி இல்லாத எண்ணை அடுத்து முக்காற்புள்ளியும் 59-க்கு மேற்படாத எண்ணும் வந்தால் அது அறுபதடிமான எண், அதாவது 60-ஐ அடியாகக் கொண்ட எண். பைத்தானில் யாமலைப் படிக்கும் பையாமல் (PyYAML) நூலகம் இன்னும் அந்த விதியைத்தான் பின்பற்றுகிறது. 8080:80-இல் பின்னால் வரும் 80 அந்த வரம்பைத் தாண்டுவதால் அது தப்பியது.

மூலக் கோப்பில் "2222:22" என்று மேற்கோள்குறி இட்டு மறுபடி மாற்றினேன். உடனே கன்டெய்னர் எழுந்தது. அப்பாடா! இப்போது எல்லாப் போர்ட் வரிகளுக்கும் மேற்கோள்குறி இட்டுவிட்டேன்.