அருங்காட்சியகக் குடும்ப நிகழ்ச்சிகள்: குழந்தை நல ஆய்வில் சறுக்கும் இடங்கள்

"பெற்றோர்தான் கூடவே இருக்கிறார்களே, நமக்கென்ன?" அருங்காட்சியகக் குடும்ப நிகழ்ச்சிகளில் பெரும்பாலான தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

முகமூடி செய்யும் மேசையில் எட்டு வயதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு கழிப்பறைக்குப் போகும் அப்பா, "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்கிறார். ஊழியரும் தலையாட்டிவிடுகிறார். அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு யார் பொறுப்பு? குழந்தைகளின் பாதுகாப்பைச் சரிபார்க்க ஆய்வுக்கு வருபவர் துருவித் துருவிக் கேட்கக்கூடியது இதைத்தான். பெற்றோர் அறையை விட்டுப் போகலாமா கூடாதா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். போகலாம் என்றால், விட்டுப்போன நேரம், திரும்ப அழைத்துப்போக வருபவரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் பதிவாக வேண்டும். பார்த்துக்கொள்பவரின் பின்னணியும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒருநாள் தன்னார்வலர்தானே என்று இதில் சலுகை காட்டாதீர்கள்.

அடுத்து, தொட்டுப் பார்க்கும் பொருள்கள். காட்சிக்கு உதவாத பழைய பாடம் செய்த பறவையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் தடவினார்கள். அது இன்றும் இறகிலும் தோலிலும் இருக்கலாம். பழைய பொம்மைகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காத எதையும் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

"8 வயதுக்கு மேல்" என்று பலகை வைத்தால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. குடும்பம் என்றால் இரண்டு வயதுத் தம்பியும் வருவான், மேசைக்கு அடியில் விழுந்த பாசிமணியை அவன்தான் முதலில் பார்ப்பான். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் முழுதாக அடங்குவது தொண்டையை அடைக்கலாம். பட்டன் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

குழந்தை காணாமல் போனால் பெயரையும் சட்டை நிறத்தையும் ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். கேட்கிற எல்லோருக்கும் அந்த விவரம் போய்விடும். முதலில் வாசல்களில் ஆள் நிறுத்துங்கள். புகைப்பட அனுமதியைத் தனியாக வாங்குங்கள், நுழைவுச்சீட்டின் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள்.

அப்புறம், ஆய்வுக்கென்று கோப்புகளைப் பளபளப்பாக்குவது. ஆண்டு முழுக்க ஒரு சிராய்ப்புகூடப் பதிவாகாத ஏடு நம்பிக்கை தராது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆய்வுக்கு வந்தவர் கோப்பை மூடிவிட்டு, வண்ணம் கலக்கிக்கொண்டிருக்கும் தன்னார்வலரிடமே கேட்கலாம்: "வீட்டில் அடிக்கிறார்கள் என்று ஒரு குழந்தை சொன்னால் என்ன செய்வீர்கள்?" யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வதும், கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைவதும் தவறு. குழந்தை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் உடனே கொடுக்க வேண்டும். அவர் யார், எண் என்ன என்பது தன்னார்வலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.