சிசிலியின் கிரேக்கக் கோயில்கள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் சிசிலித் தீவில், அக்ரிஜென்டோ நகரில் இருக்கும் 'கோயில்களின் பள்ளத்தாக்கு' உண்மையில் பள்ளத்தாக்கு இல்லை. கடலைப் பார்த்து நீளும் ஒரு மேடு. பெயரை நம்பிக் கீழ்வாசலில் நுழைகிறவர்கள் வெயிலில் மூச்சு வாங்க ஏற வேண்டியிருக்கும். கிழக்கே ஜூனோ கோயில் பக்கத்து வாசலில் தொடங்குங்கள். பாதை தானாகவே இறங்கும்.

ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகலில் போகாதீர்கள். இதே தீவில்தான், சிராகூசா நகரத்துக்குப் பக்கத்தில், 2021 ஆகஸ்டில் 48.8 டிகிரி பதிவானது. வழியில் நிழல் குறைவு. ஏப்ரல், மே நல்ல மாதங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் சாயங்காலம் போங்கள். அந்த மஞ்சள் கல் தேன் நிறமாக மாறுவதையும் பார்த்துவிடலாம்.

எனக்கு மனசு தாங்காத தவறு வேறொன்று. இதே மேட்டில் கான்கார்டியா கோயில் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக மாற்றியதால் பிழைத்த கோயில் அது. அதன் முன் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். மேற்கே சரிந்து கிடக்கும் ஜீயஸ் கோயிலை வெறும் கற்குவியல் என்று கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெரிய கற்களின் பக்கவாட்டில் குதிரை லாடம் போல வளைந்த பள்ளம் வெட்டியிருக்கும். கயிற்றை அதில் மாட்டித்தான் கல்லைத் தூக்கியிருக்கிறார்கள். தூணில் செதுக்கிய ஒரு வரிப்பள்ளத்துக்குள் ஒரு ஆள் நிற்கலாம் என்று பழைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதினார். அவ்வளவு பெரிய கட்டடம். கி.மு. 406-இல் வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரப் படை இந்த ஊரைப் பிடித்ததும் வேலை நின்றுபோனது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கல்லை அள்ளிப்போய்த் துறைமுகம் கட்டினார்கள்.

அப்புறம், அக்ரிஜென்டோ அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். அந்தக் கோயிலைத் தோளில் தாங்கிய கல் மனிதர்களில் ஒருவர் ஏழரை மீட்டருக்கும் மேலான உயரத்தில் அங்கே நிற்கிறார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் அந்தக் கற்குவியலே வேறு மாதிரி தெரியும்.

இன்று மொட்டையாகத் தெரியும் கல்லைத்தான் அன்றைய மக்களும் பார்த்தார்கள் என்று நினைப்பதும் தவறு. அதன் மேல் வெள்ளைச் சாந்து பூசி, மேல்பகுதிக்கு நிறமும் தீட்டியிருந்தார்கள்.

சிசிலியின் இன்னொரு பழைய ஊரான செஜெஸ்டாவில் கூரையில்லாத கோயிலைப் பார்த்து 'இடிந்துவிட்டது' என்பார்கள். அது கட்டி முடிக்கப்படாத கோயில். படிக்கற்களில் துருத்தி நிற்கும் முண்டுகள்கூட இன்னும் செதுக்கி எடுக்கப்படவில்லை. கட்டியவர்களும் கிரேக்கர்கள் இல்லை, சிசிலியின் பழைய இனத்தவரான எலிமியர்கள்.

செலினுன்டே, செஜெஸ்டா, அக்ரிஜென்டோ மூன்றையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். பழைய கிரேக்க நகரமான செலினுன்டே மட்டுமே அரை நாள் கேட்கும்.

சிராகூசாவில் கதீட்ரலுக்குப் போகும்போது தோளை மூடும் உடை வேண்டும். இன்றும் வழிபாடு நடக்கும் இடம். முகப்பை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். இடப்பக்கத் தெருவில் சில அடி நடந்தால், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அதீனா கோயிலின் தூண்கள் தேவாலயச் சுவரிலிருந்து பாதி வெளியே தெரியும்.