ஓட முடியாதவர்கள் நடத்தும் தண்ணீர்ப் பந்தல்

மதுரையில் நற்பணிக்கு நிதி திரட்டும் ஓட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தொடங்கிவிடும். மூட்டுவாதம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புசக்தி உடம்பையே தாக்கும் நோய்), ஆஸ்துமா என்று ஏதோ ஒன்றோடு வருடக்கணக்காக வாழ்கிறவருக்கு அதில் ஓட முடியாமல் போகலாம். தண்ணீர் மேசையைத் தாராளமாக நடத்தலாம். சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டுப் பழகிய ஊர் இது. ஒரே வித்தியாசம், பந்தலில் கூட்டம் நின்று குடிக்கும், இங்கே ஓடிவரும் வேகத்திலேயே கை நீளும்.

பொறுப்பு ஏற்கும் முன் நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் இடத்தை முதல் ஆள் எத்தனை மணிக்குக் கடப்பார், கடைசி ஆள் எப்போது, பக்கத்தில் கழிப்பறை எங்கே? நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் குடல் அழற்சி உள்ளவருக்கும் மூன்றாவது கேள்விதான் முதல் கேள்வி. பாதை மாட்டுத்தாவணிப் பக்கம் போனால் பேருந்து நிலையத்தை ஒட்டிய இடத்தைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அங்கே விடிகாலையில் பூ மார்க்கெட் வண்டிகள் வரும், ஆகவே மேசை வண்டி திரும்பும் பக்கம் இருக்கக் கூடாது. "உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்ப்பேன், எதையும் தூக்க மாட்டேன்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பதில் நிற்க ஒருவரையும் அப்போதே பேசி வையுங்கள். நோய் திடீரென்று கிளம்புவது உங்கள் குற்றமில்லை, அன்றைக்கு மேசை ஆளில்லாமல் கிடக்கவும் கூடாது.

இனி அளவு. 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் 5-வது கிலோமீட்டர் மேசை, 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 5 நிமிட வேகக்காரர் 25-வது நிமிடத்திலும், 9 நிமிட வேகக்காரர் 45-வது நிமிடத்திலும் வருவார்கள். அந்த 20 நிமிடத்துக்குள் ஏறக்குறைய அத்தனை பேரும் கடந்துவிடுவார்கள், நடந்து வருகிறவர்கள்தான் பின்தங்குவார்கள். ஆளுக்கு 120 மில்லி என்றால் 36 லிட்டர். இரண்டாவது டம்ளர் கேட்பவர், தலையில் ஊற்றிக்கொள்பவர் எல்லாம் சேர்த்து 20 லிட்டர் கேன் மூன்று வேண்டும். டம்ளர் அலச நாலு குடம் தனி. சனிக்கிழமை சாயங்காலமே வந்து இறங்கட்டும். காலையில் வரும் என்று நம்பினால் முதல் ஆள் வந்த பிறகுதான் கேன் வரும்.

பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் மூன்றும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பாத்திர வாடகைக் கடையில் 150 எவர்சில்வர் டம்ளர் எடுத்தால் போதும். ஓடி வருகிறவர் அண்ணாந்து குடித்தால் புரையேறும், வாய் வைத்துத்தான் குடிப்பார். ஆகவே ஒவ்வொன்றையும் பாத்திரம் கழுவும் திரவத்தில் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசியே திரும்ப வைக்க வேண்டும். இதற்குக் குனிந்து நிமிரக்கூடிய இளவட்டங்கள் இரண்டு பேர் தேவை. இந்த வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறைந்த கேன் 20 கிலோ. அதைச் சாய்த்து ஊற்றுவதில்தான் மணிக்கட்டும் இடுப்பும் போகும். கேன் வாயில் மாட்டும் சார்ஜ் பம்பு ஒன்று வாங்குங்கள். கேன் தரையிலேயே இருக்கும், பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும். முந்தின இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள், கையால் அழுத்தும் பம்பு ஒன்றும் கூட இருக்கட்டும். டம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் சிந்தும், தரை வழுக்கும், பின்னால் வருகிறவர் விழுவார்.

மேசைகளை இடைவெளி விட்டு மூன்றாகப் போடுங்கள். ஒன்றே போட்டால் எல்லோரும் முதல் டம்ளருக்கே கை நீட்டி முட்டிக்கொள்வார்கள். 50 மீட்டருக்கு முன்னாலேயே "தண்ணீர்" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தால் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. ஓடுகிறவர் தானே எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் மேசைக்குப் பின்னால் கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து ஊற்றி நிரப்புங்கள். உற்சாகத்தில் எழுந்து நின்றுவிடுவோம், அதுதான் மறுநாள் படுக்க வைக்கும். கைதட்டினால் விரல் மூட்டு வலிக்கும் என்றால் ஒரு சலங்கைக் கொத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கை அசைந்தாலே சத்தம் வரும், ஓடி வருகிறவருக்கு அது தூரத்திலேயே கேட்கும்.

5, 10 கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர் போதும். 21 கிலோமீட்டர் இருந்தால் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலை ஒரு மேசையில் தனியாக, பெயர் எழுதி வையுங்கள். உறையில் போட்ட அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவினால் உப்பு அளவு கெட்டுவிடும். தலைவலி, வாந்தி, குழப்பத்தோடு வருகிற எல்லோரும் தாகத்தில் இல்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும், அவருக்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து. உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, உடம்பெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள்.

உங்கள் பை தனி. சர்க்கரைக்காரர் விடியுமுன் எழுந்து, மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு, காப்பியோடு கிளம்பினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், இட்லி டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிஸ்கட் மெதுவாகத்தான் ஏறும். சர்க்கரைப் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், பொதுப் பையில் போட்டால் அந்த நேரத்தில் அகப்படாது. இன்சுலினைப் பனிக்கட்டியில் படவிடாதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும். கால் மரத்தவர் ஈரத்தில் செருப்போடு நிற்காமல் ஷூ போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

டயாலிசிஸ் செய்கிறவர் டயாலிசிஸ் இருக்கும் நாளைத் தவிர்த்து, தனக்குச் சொன்ன அளவுத் தண்ணீரை மட்டும் பாட்டிலில் எடுத்துப் போங்கள், மேசையிலிருந்து குடித்தால் கணக்குத் தவறும். யாராவது அன்போடு நீட்டும் இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். மூட்டுவாதக்காரருக்குக் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்றால் முந்தின நாள் ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பைகளைக் கட்டும் வேலை நல்லது. லூபஸ் உள்ளவருக்கு வெயில் ஆகாது, முழுக்கைச் சட்டையும் குடையுமாக வந்து, 7 மணிக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

திங்கட்கிழமைக்கு எந்த வேலையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மிச்சத் தண்ணீரைப் பக்கத்து மரத்துக்கு ஊற்றச் சொல்லுங்கள். டம்ளரை உட்கார்ந்தபடி பத்துப் பத்தாக எண்ணி அடுக்குங்கள். குறைந்தால் கடைக்காரர் முன்பணத்தில் பிடிப்பார், இரண்டு மூன்றாவது சாலையோரப் புல்லில் கிடக்கும், தேட ஒரு பையனை அனுப்புங்கள்.